அந்துருண்டை வாசம்

மூடியில் ரோஜாப்பூ வரைந்த ஒரு டிரங்குப் பெட்டி. அதை அண்ணி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐப்பசி அடைமழை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஆட்டோக்காரர் முனையிலேயே நின்றுவிட, பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, புடவையை வரிந்து கட்டி நடந்து வந்தார். கட்டிலருகே வைத்து மூடியைத் திறந்ததும் அறை முழுக்க அந்துருண்டை வாசம். விருந்தாளி வரும் நாளில் பீரோவிலிருந்து எடுக்கும் போர்வையின் வாசம் அது. எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்கும்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். குரலாலேயே பிழைத்தவர் என்று நாங்கள் கேலி செய்வோம். வீட்டில் தண்ணீர் கேட்டாலும் டிரங்க் கால் இணைப்புக் கொடுப்பதுபோல் நிறுத்தி, தெளிவாகக் கேட்பார். என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டதால் என் பிரசவத்தைப் பார்த்துக்கொள்ள அவரே முன்வந்தார். லீவு போட்டுவிட்டு, பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் இருந்த தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அம்மா இல்லையேன்னு நீ ஒரு நாளும் நினைக்கக் கூடாது" என்று சொன்னார். நினைக்கவிடவும் இல்லை.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நன்றாக வளர்ந்த ஒரு பிள்ளை போட்டுத் துவைத்து மெத்தென்று ஆன பழைய துணியைத்தான் போடுவார்கள். அந்தப் பிள்ளையின் ஆரோக்கியம் இதற்கும் ஒட்டிக்கொள்ளுமாம். உயிரியல் டீச்சரான நானும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை. முரட்டுப் புதுத்துணியைவிடப் பழைய பருத்தி நல்லது என்பதில் விஞ்ஞானத்துக்கும் வருத்தமில்லை. அண்ணி தன் ஒரே மகனின் ஜபலாக்களை, தொட்டில் துணிகளை, குட்டிப் போர்வையைத் தம்பிக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று வருடக்கணக்காகப் பத்திரப்படுத்தியிருந்தார். பூச்சி அண்டாமலிருக்க மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டை.

வெயில் இருந்திருந்தால் துவைத்து உலர்த்தித்தான் போட்டிருப்பார். மகன் பிறந்த பிறகும் மழை விடவில்லை. வீட்டுக்குள் கட்டிய கொடியில் எல்லாத் துணியும் ஈரமாகத் தொங்கியது. பிள்ளையோ நனைத்துக்கொண்டே இருந்தான். "பாச்சா உருண்டை வாசம் அடிக்குது பாரு, அதான் சுத்தம்" என்றபடி தேங்காயெண்ணெய் தடவிய உடம்பில் ஜபலாவைப் போட்டு, போர்வையில் சுற்றி, மடியில் போட்டுக்கொண்டு ஞானப்பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

குழந்தையின் முகம் மஞ்சளித்தது. பிறந்த பிள்ளைகளுக்கு வருவதுதானே, இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்றார்கள் வந்தவர்கள். வெயிலுக்கு எங்கே போவது? மஞ்சள் வயிற்றுக்கு இறங்கி, கால்வரை போனது. பிள்ளை பாலுக்கு வாய் திறக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தான். தண்ணீரில் நடந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா பரிசோதிக்கக் குனிந்தவர், போர்வையை முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தத் துணி எங்க இருந்தது? நாப்தலீன் பால்ஸ் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார். அண்ணி, "ஆமா டாக்டர், நிறையப் போட்டிருந்தேன்" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

ரத்தச் சிவப்பணுவுக்குள் ஜி சிக்ஸ் பி டி என்று ஒரு நொதி உண்டு. இரும்புக் கேட்டுக்கு அடித்த பெயின்ட் மாதிரி, அணு அரித்துப்போகாமல் காப்பது அதன் வேலை. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. பெயரே தெரியாமல் ஆயுள் முழுக்க நன்றாக வாழ்ந்துவிடுவார்கள், சில மாத்திரைகளோ அந்துருண்டை ஆவியோ உள்ளே போகாதவரை. போனால் அணுக்கள் கொத்துக்கொத்தாக உடையும். உடைந்ததிலிருந்து வரும் மஞ்சள் நிறப்பொருளைப் பச்சிளம் ஈரலால் வெளியேற்ற முடியாது. அது மூளைக்கு ஏறிவிடும். அண்ணியின் மகனுக்கு அந்த நொதி சரியாக இருந்தது, ஆகவே அந்துருண்டை வாசத்திலேயே வளர்ந்தும் அவனை அது ஒன்றும் செய்யவில்லை. என் பிள்ளையை நீலவிளக்கின் கீழே போட்டும் மஞ்சள் இறங்காமல், உடம்பு ரத்தத்தையே மாற்றினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர் அக்காவைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "உன் பெட்டியத் தூக்கிட்டுப் போயிடு அக்கா." அண்ணி எங்கள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, வந்த மாதிரியே தலையில் சுமந்துகொண்டு போனாராம்.

பிள்ளை பிழைத்தான். ஆனால் இரண்டு காதிலும் கேட்கும் திறன் பாதிக்குமேல் போயிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆறுதல் சொன்னார்கள் அக்கம்பக்கத்தில். காது என்ன தலைப்பாகையா? எனக்கு ஆத்திரமாக வந்தது.

இந்த நொதிக் குறை ஆண்பிள்ளைக்குத் தாயிடமிருந்துதான் வரும். அவளிடம் வெளியே தெரியாமலே இருக்கும். மலேரியா மாத்திரை சாப்பிட்டுவிட்டு என் தாய்மாமா கண் மஞ்சளித்து, காப்பி நிறத்தில் சிறுநீர் போன கதை எங்கள் வீட்டில் பழையது. உடம்புச் சூடு என்று இளநீர் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான் என்று பட்டது எனக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பீர்க்கன்கரணைக்குப் போய், காகிதத்தில் படம் போட்டு, வகுப்பில் நடத்துவதுபோல் அண்ணிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "உன் ரத்தம் நீ கேட்டு வாங்கினதா? துணி நான் எடுத்துப் போட்டதும்மா." நான் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

என் கணவரும் பின்னால் போய் அழுது மன்னிப்புக் கேட்டார். போக்குவரத்தெல்லாம் பழையபடி ஆனது. ஆனால் அண்ணி பிள்ளையைத் தூக்கவே இல்லை. முன்னால் வந்து நின்று, உதடு தெரியும்படி நிதானமாகப் பேசுவார். பின்னாலிருந்து ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் எல்லோருக்கும் துணி எடுப்பார், அவனுக்கு மட்டும் புத்தகமோ பேனாவோ. "அத்தைக்கு என்னைப் பிடிக்காதாம்மா?" என்று சின்ன வயதில் கேட்டான். ப்ளஸ் டூ படிக்கும்போது அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அன்று சாயங்காலமே அண்ணி வீட்டுக்குப் போய், "எனக்கு ஒரு சட்டை எடுத்துக் குடுங்க அத்தை" என்றானாம். "ஆகட்டும் ராஜா, வர்ற கிறிஸ்துமஸுக்கு" என்றாராம். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் பேனாதான் வந்தது.

இந்த ஜூன் மாதம் அண்ணி இறந்துபோனார். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டித்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். கட்டிலுக்கடியிலிருந்து என் மகன்தான் பெட்டியை இழுத்தான். அதே பெட்டி, ரோஜாப்பூ பாதி உரிந்திருந்தது. மூடியைத் திறந்தேன். அந்துருண்டை வாசம் வரும் என்று என்னையறியாமல் மூச்சைப் பிடித்திருந்தேன். வரவில்லை. ஏரிக்கரை வீட்டின் ஈர நெடி மட்டும்தான். வேட்டியில் சுற்றியிருந்த சந்தன நிறப் பட்டுப்புடவையை விரித்தால், மடிப்புக்கு மடிப்பு பூச்சி அரித்த ஓட்டை.

"அத்தை பூச்சிக்கு ஒண்ணுமே வைக்கலையா?" என்றான் என் மகன், காதுக்கருவியைச் சரிசெய்தபடி.

அண்ணியின் மகன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "வாங்கவே விடமாட்டாங்கடா. வேப்பிலைகூட வேணாம், எதுல என்ன இருக்குதோன்னுவாங்க. நீ எப்ப வேணாலும் இந்த வீட்டுக்கு வருவியாம், அதான்."

வேறு புடவை கட்டலாம் என்றார் ஒரு சொந்தக்காரர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதையேதான் கட்டினோம். ஓட்டைகள் உள்ளே போகும்படி கொசுவத்தை நான் எடுத்துவிட்டேன். முந்தானையில் இருந்தவற்றை மறைக்க முடியவில்லை. சவப்பெட்டியை மூடுவதற்குமுன் என் மகன் குனிந்து, அந்த முந்தானையில் முகத்தை வைத்துக்கொண்டான். பிறந்த வாரத்துக்குப் பிறகு அண்ணியின் பெட்டித் துணி ஒன்று அவன்மேல் பட்டது அப்போதுதான்.