செத்தவனுக்கு ஏரியில் பாடு இல்லை

என் அண்ணன் செத்துப் போய்விட்டான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டுக்குள் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பல மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

முகத்துவாரத்தில் செத்தான். ஏரி கடலோடு சேரும் அந்த இடத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது. அலை எங்கே உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. போட் கவிழ்ந்து அதன் விளிம்பே அவன் தலையில் அடித்தது. கூடப் போன இருவரும் நீந்தி வந்துவிட்டார்கள். அண்ணனை நாங்கள் தூக்கி வந்தோம். குளிப்பாட்டும்போது காதுக்குள் அடைந்திருந்த மணலைத் துணியால் எடுத்தவன் நான். நைனா இல்லாத வீடு என்பதால் குழியில் முதல் பிடி மண் போட்டவனும் நான்தான். அண்ணன் செத்தானா இல்லையா என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் ஒருவன் எடுத்தான். அண்ணியின் தம்பி. எனக்கு மச்சான் முறை. பொன்னேரியில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். கருமாதிக்கு வந்தவன் அண்ணியின் போனை வாங்கி, அண்ணன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான். அவற்றில் பெரிதாக ஒன்றும் இருக்காது. "பச்சத் தண்ணி எட்த்துனு வா", "கொயந்தைக்கு ஜொரம் வுட்டுச்சா", "உன் தம்பி நாய் எங்க சுத்தினு கீது", இப்படித்தான். கடைசியில் சொன்ன நாய் மச்சான்தான்.

கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்து, போனை அண்ணி கையில் கொடுத்து, "பேசுக்கா" என்றான். அண்ணி சும்மா பார்த்துக்கொண்டு இருந்தது. போனே பேசியது. அண்ணன் குரல். அதே கரகரப்பு.

"சாப்ட்டியாம்மா?"

அண்ணி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு போனை மாரோடு அணைத்துக்கொண்டு சிரித்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். என் அண்ணன் அண்ணியை ஒரு நாளும் 'ம்மா' போட்டுக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பான். பாசம் அதிகமானால் 'இந்தா' என்பான்.

அன்றைக்கு மச்சானை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் ஊரின் பழைய டச்சுக்காரன் கல்லறைக்கு எதிரில் உட்கார்ந்தோம்.

"இன்னா மச்சான் பண்ணி வச்சிக்கிற?"

"இன்னாடா தப்பு? உங்கண்ணன் வாய்ஸ ஒரு ஆப்ல ஏத்தி பேச வச்சிக்கிறேன். அக்கா சிரிச்சிது பாத்தியா? எவ்ளோ நாளாச்சி அது சிரிச்சி."

"அது எங்கண்ணன் இல்ல."

"இப்போதிக்கு கொஞ்சம் முன்ன பின்ன கீது. போவப் போவ சரியாய்டும். வெளிநாட்ல பெரிய பெரிய ஆளுங்கோ மூளையவே கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறாங்கோ. இனிமேட்டு எவனும் சாவ வேணாம்."

"ஏத்திட்டு?"

"ஏத்திட்டு... இருப்பாங்கோ."

"இருந்துனு இன்னா பண்ணுவாங்கோ?"

"டேய், எட்டாவது ஃபெயிலு, உனுக்கு எப்பிட்றா புரிய வெக்கறது? இருப்பாங்கோடா. அவ்ளோதான். இருக்கறதவிட இன்னா வோணும்?" கல்லறை வாசலைக் கையால் காட்டினான். "அவனுங்க பேர கல்லுல வெட்னானுங்க. நாம போன்ல போட்றோம்."

அந்த வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து ஓடியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அந்த டச்சுக்காரன் மேல் மரியாதை வந்தது. ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்து செத்தவன், வாசலிலேயே எலும்பை நிறுத்தி வைத்தான். உள்ளே இருப்பது இதுதான் என்று ஒளிக்காமல் சொன்னான். 'சாப்ட்டியாம்மா' என்று ஏமாற்றவில்லை.

வீட்டில் போன் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது. அண்ணி குழம்பு வைத்தால் அடுப்புப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைக்கும். "மடவை மீன் கொழம்பு வச்சிக்கிறேன்" என்று சொல்லும். "ஆஹா, வாசனையே தூக்குதேம்மா" என்று அது சொல்லும். மூக்கு இல்லாத நாய்க்கு வாசனை! தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவேன். அண்ணன் மகன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். போன் பேசினால் அதைப் பார்த்துத் தவழ்ந்து போய் 'நைனா' என்பான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

எனக்கும் ஆசை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது ஒரு காலையில் நானே அதை எடுத்து "அண்ணா" என்றேன். "சொல்லுடா தம்பி" என்றது. அழுதுவிட்டேன். அப்புறம் அடிக்கடி பேசினேன். அடுத்தவர் போட்டில் கூலியாளாகக் கடலுக்குப் போகும் நாளில், கிளம்பும் முன் ஒரு முறை கேட்டேன்.

"அண்ணா, காத்து திரும்பிக்கிது. முகத்துவாரம் மோசமா கீதுன்றாங்கோ. போவட்டுமா?"

"தைரியமா போடா தம்பி. ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல."

ஒன்றும் ஆகாதாம். அந்த இடத்தில்தான் அவன் மண்டை உடைந்தது. உயிரோடு இருந்த அண்ணன் இந்த மாதிரிக் காற்றில் என்னைப் போட் பக்கமே விடமாட்டான். "செத்துத் தொலைவ, போய்ப் படுறா" என்று கத்துவான். பயந்து கத்துவான். தனக்கும் உயிர் போகும் என்று தெரிந்தவனுக்குத்தான் அடுத்தவன் உயிருக்குப் பயப்படத் தெரியும். சாகவே சாகாத ஒன்றுக்கு என் மேல் என்ன அக்கறை இருக்க முடியும்? அன்றைக்கு நான் கடலுக்குப் போகவில்லை. அதனோடு பேசுவதையும் விட்டேன்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்த வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் பாடு வந்தது.

ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் கழி நட்டு வலை கட்டினால் வெட்டு குத்தாகிவிடும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை பிரிக்கும். அதுதான் பாடு. அதில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. கல்யாணமான ஆம்பளைக்குத்தான் இடம். ஒருவன் போனால்தான் இன்னொருவன் உள்ளே வர முடியும். செத்தவன் பெண்டாட்டி ஊர்க் கூட்டத்தில் நின்று, புருஷன் போய்விட்டான், இடத்தை இன்னாருக்கு விடுகிறேன் என்று தன் வாயால் சொன்னால், கல்யாணமாகாத தம்பிக்கும் தருவார்கள். சொல்லாவிட்டால், காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அண்ணன் போட் இரண்டாகப் பிளந்து கரையில் கிடந்தது. எங்களுக்கு மிச்சம் இருந்தது ஏரியில் அந்த ஓர் இடம்தான். அண்ணி அதைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்குச் சோறு. சொல்லமாட்டேன் என்றது.

ஊர்க் கூட்டத்து ஆள் வந்து கேட்டபோது, "அவரு எங்கியும் போவலன்னு அவரே சொல்றாரு. நான் எப்பிடி போய்ட்டாருன்னு சொல்றது?" என்று கதவைச் சாத்திவிட்டது.

வலை பின்னும் இடத்தில் எங்கள் வீட்டுக் கதைதான் அன்றைக்கெல்லாம்.

"போனுக்குப் பாடு வுட்டா கழி யார்ரா நட்றது?"

"சார்ஜர நட்டு வச்சிருவாங்கோ."

"அப்போ எங்க தாத்தன் போட்டோவுக்கும் ஒரு எடம் குட்றா!"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தெரு மாமா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகன் தாலி கட்டிவிட்டு இடம் இல்லாமல் காத்திருந்தான். என்னைப் பார்த்தே கேட்டார்.

"செத்தவன்லாம் எடத்த வுடமாட்டேன்னா, உயிரோட கீறவன் எங்கடா வல போட்றது? ஏரி இன்னா வருசா வருசம் வளருதா?"

நியாயம்தானே? அவர் மேல் கோபப்பட முடியாமல் வீட்டுக்குப் போய் அண்ணி மேல் கத்தினேன்.

"அந்தச் சனியன அணைச்சிட்டு ஊருக்கு முன்னாடி வந்து சொல்லு அண்ணி!"

"உனுக்கு எடம் வோணும்னா நேரா கேளு. அதுக்காக அவர இன்னொரு வாட்டி சாவடிக்காத."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஏனென்றால் அது பாதி உண்மை. எனக்கு அந்த இடம் வேண்டும். அண்ணனும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பது மச்சானுக்குப் புரியாது, அவன் சொன்ன வெளிநாட்டுப் பெரிய ஆளுங்களுக்கும் புரியாது. அவர்களுக்கு ஏரி இல்லை.

கூட்டத்தன்று அண்ணி வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது. இடுப்பில் பிள்ளை, கையில் போன். பெண்கள் நிற்கும் பக்கம் போகாமல் நேராக ஊர்ப் பெரியவர் முன்னால் வந்து நின்றது. போனை வாய்க்கு நேராகப் பிடித்தது.

"பாடு வந்துக்குது. உன் எடத்த தம்பிக்கு வுடட்டுமா?"

"எதுக்கும்மா? நான் இருக்கேன்ல. நானே போறேன்."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்து அடங்கினான்.

"எப்போ போவ?"

"நாளைக்கே போறேன்மா."

"எதுல போவ?"

"நம்ம போட்லதான்."

அண்ணி திரும்பிக் கரையைப் பார்த்தது. பிளந்த போட் அங்கே குப்புறக் கிடந்தது. அதன் மேல் ஒரு நாய் படுத்திருந்தது.

"போட்டு எப்பிடி கீதுன்னு சொல்லு."

"சூப்பரா இருக்கும்மா. நம்ம போட்டுக்கு இன்னா கொறச்சல்?"

"யோவ்," என்றது அண்ணி, "உனுக்கு வலிச்சிதாய்யா? தல ஒடஞ்சப்போ வலிச்சிதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் நல்லா இருக்கேன். நீ சாப்ட்டியா?"

அண்ணி போனை மணலில் வைத்தது. வீசவில்லை, மெதுவாகத்தான் வைத்தது. பெரியவரைப் பார்த்து, "எம் புருசன் பூட்டாரு. அவர் எடத்த எங் கொய்ந்தனுக்கு வுட்றேன்" என்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி முதலில் ஒப்பாரி எடுத்தாள். பிறகு எல்லோரும். அடக்கம் செய்த அன்று அழாத அண்ணி அன்றைக்குத்தான் மாரில் அடித்துக்கொண்டு அழுதது. பிள்ளை பயந்து போய் வீறிட்டான். அவனை நான் வாங்கிக்கொண்டேன்.

அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் பெரியவர் என்னை முன்னால் கூப்பிட்டார். இடம் வாங்குகிறவனிடம் ஒரு கேள்வி கேட்பது எங்கள் ஊர் வழக்கம்.

"எடம் உனுக்கு. உனுக்கு அப்பாலிக்கு யாருக்குடா?"

எனக்கு மீசையே இன்னும் சரியாக வரவில்லை. அண்ணன் வாங்கும்போது நான் சின்னப் பையன், இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது கோபம் கோபமாக வந்தது. மச்சான் மேல், முகத்துவாரம் மேல், நாளைக்கே போகிறேன் என்ற அந்தக் குரல் மேல், என்னை விட்டுவிட்டுச் செத்த அண்ணன் மேல். என்றைக்கும் இருக்கப் போகிறோம் என்று நினைக்கிறவர்களிடம் இந்தக் கேள்வியை எவனுமே கேட்கவில்லையா?

"இவனுக்கு" என்றேன். என் தோளில் மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் மகனைக் காட்டினேன்.

"கல்யாணம் பண்ணிக்கினு உனுக்கொண்ணு பொறந்தா?" என்று அடுத்த தெரு மாமா குத்தலாகக் கேட்டார்.

"அது வரிசைல நின்னு வாங்கட்டும்" என்று கத்திவிட்டேன். "நான் செத்தா இவனுக்குத்தான். எயுதிக்கோ, எயுதாம போ. நான் செத்தா இவனுக்கு."

"வாயக் கயுவு," என்றது அண்ணி, மூக்கைச் சிந்திக்கொண்டே. "நல்ல நாளும் அதுவுமா."

பெரியவர் தலையாட்டினார். சீட்டு எடுக்க அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.