ஜென்டாக்குலர் என்றால் என்ன?

என் மகளுக்கு நான்கு வயதாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் மனத்தில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிறாள். அதட்டுவதா விடுவதா என்று எனக்குத் தெரிவதில்லை. அதட்டிவிட்டு, அதட்டியிருக்க வேண்டாமோ என்று நெடுநேரம் யோசிக்கிறேன். அவளைவிடச் சற்றே பெரியவளாக இருந்தபோது நானும் ஒருமுறை அப்படிச் சொன்னவள்தான். அதனால் ஒரு கல்யாணம் குழம்பப் பார்த்தது.

அப்போது நாங்கள் திருகோணமலையில் துறைமுகத்துக்கு அருகே குடியிருந்தோம். அப்பா டொக்யார்டில் கணக்கெழுதும் கிளாக்கர். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். அப்பா ஓர் அலுமாரி வாங்கினார். அதற்குள் யாரோ மறந்துவிட்டுப்போன பெரிய ஆங்கில அகராதி ஒன்று கிடந்தது. அலுமாரி அம்மாவுக்கு என்றும், அகராதி எங்களோடு இருந்த, அப்பாவின் தங்கையான மாமிக்கு என்றும் ஆயிற்று.

அந்த அகராதியில் வழக்கொழிந்த சொற்களுக்கு முன்னால் சிலுவை போன்ற சிறு குறி இருக்கும். மாமிக்கு அந்தச் சொற்கள்தான் வேண்டும். மற்றவற்றைப் பேச உலகமே இருக்கிறது, இவற்றுக்கு யார் இருக்கிறார்கள் என்பார். இப்படியாக, இங்கிலாந்திலேயே மறந்துபோன சொற்கள் எங்கள் குசினி அடுப்படியில் புழங்கத் தொடங்கின. பிறர் சாப்பிடும்போது ஒரு வாய் தரமாட்டார்களா என்று பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ‘குரோக்’ என்று பெயர். அது எங்கள் பூனையின் தொழில். வேலை செய்வதுபோல் காட்டிக்கொண்டு ஒன்றும் செய்யாதிருப்பது ‘ஃபட்ஜல்’. கப்பல்கள் போனபின் டொக்யார்டில் தங்களுக்கு அதுதான் உத்தியோகம் என்று அப்பா சிரிப்பார். காலைச் சாப்பாட்டைச் சேர்ந்த எதுவும் ‘ஜென்டாக்குலர்’. “ஜென்டாக்குலர் புட்டு ஆறுது, எழும்புங்கோ” என்று மாமி கூப்பிட்டால்தான் நானும் அண்ணாவும் பாயைச் சுருட்டுவோம்.

அந்த மாமிக்குக் கல்யாணம்தான் சரிவரவில்லை. இரண்டு இடத்தார் வந்து பார்த்துவிட்டு, பெண் அளவுக்கு மிஞ்சிப் படித்தவள், வாய் காட்டுவாள் என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவதாக, சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் இடத்தில் வேலை பார்த்த ஒருவருடைய சம்பந்தம் வந்தது. மாமி அவரை பஸ்ஸில் கண்டிருக்கிறார். “இது சரிவந்தால் நல்லம், மச்சாள்” என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பயமெல்லாம் மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பற்றித்தான். கந்தோர் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் தன்னை யாரும் மிஞ்சுவது அவருக்குப் பிடிக்காது என்று கேள்வி.

“நீ வாயைத் திறந்தியெண்டால் தெரியும்” என்று அம்மா எனக்குத் தலை வாரி இழுக்கும்போதே சொல்லிவைத்தார்.

வந்தார்கள். பெரியவர் கதிரையில் சாய்ந்துகொண்டு, “நீங்கள் மெத்த ஜென்டாக்குலரான ஆள் எண்டு ஊரில கதை” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. பெரியவர் அதோடு விடவில்லை. தேநீர் கொண்டுவந்த மாமியைப் பார்த்தார்.

“பிள்ளை நல்லா இங்கிலீஷ் படிச்சவவாம். ஜென்டாக்குலர் எண்டால் என்ன, சொல்லுங்கோ பாப்பம்.”

மாமி தட்டத்தைப் பார்த்தபடி நின்றார். “தெரியாது. நீங்கள் சொல்லுங்கோ.”

“பெருந்தன்மை. நல்ல குடும்பத்து ஆக்களின்ர குணம். இதெல்லாம் இப்ப ஆர் படிப்பிக்கினம்?”

“ஓம்” என்றார் மாமி.

என்னால் பொறுக்க முடியவில்லை. “இல்லை, அது காலமைச் சாப்பாடு” என்றேன்.

பெரியவரின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அம்மாவின் கை என் தொடையைத் தேடி வந்தது. தகப்பனாருக்குப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, பயத்தம் பணியாரத் தட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“பிள்ளைக்குப் பசிக்குது. காலமை ஒண்டும் சாப்பிடேல்லைப் போல.”

பெரியவர் சிரித்துவிட்டார். “பாவம், முதல் அதுக்குக் குடுங்கோ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். எனக்குப் பசியே இல்லை. அதைச் சொல்ல நினைத்தபோது என் வாய் நிறையப் பணியாரம் இருந்தது.

அவர்கள் புறப்படும்போது நான் அகராதியைச் சுமந்துகொண்டு வாசலுக்கு ஓடினேன். பெரியவர் அப்பாவோடு கேற்றைத் தாண்டிவிட்டார். மாப்பிள்ளை சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாமி அடையாளம் வைத்திருந்த ஜென்டாக்குலர் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. புத்தகத்தை மூடி என் கையிலேயே தந்துவிட்டு, எனக்குப் பின்னால் கதவருகே நின்ற மாமியிடம் மெல்லக் கேட்டார்.

“உங்கட வீட்டில ஜென்டாக்குலருக்கு என்ன?”

“புட்டு.”

“எனக்கும் புட்டுத்தான் விருப்பம்.”

தகப்பனார் பிழையாகச் சொல்லும் சொற்களையெல்லாம் யாருக்கும் தெரியாமல் அகராதியில் பார்த்தே வளர்ந்தவர் அவர் என்பதை, அவர் எனக்கு மாமாவாகிப் பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தெரிந்ததைத் தெரியாது என்கிறார் ஒருவர். பசியில்லாத பிள்ளைக்குப் பசி என்கிறார் இன்னொருவர். நேரே குசினிக்குப் போய் அம்மாவிடம் முறையிட்டேன்.

“அந்த ஆள் வேண்டாம் அம்மா. அவருக்குச் சாப்பாட்டு நினைப்பு மட்டும்தான். மாமியைப் பற்றி ஒரு சொல்லுகூடக் கேக்கேல்லை.”