அம்மாவின் தங்கப்பல்

நேற்று ஈப்போவில் பல் மருத்துவர் என் பழைய பல்லுறையைக் கழற்றியதும் ஒரு நாற்றம் கிளம்பியது. "ஓரம் விலகி எச்சில் உள்ள போயிருக்கும்மா. அடியில பல்லு சொத்தையாயிருச்சு. நரம்பு செத்ததால வலி தெரியல. புதுசா போட்டுரலாம்லா" என்றார். அந்த நாற்றம் எனக்குப் பழக்கமானது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நாங்கள் இங்கே மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு ஒரு தங்கப்பல் உண்டு. உடைந்த பல்லின் மேல் பல்கட்டும் சீனர் ஒருவர் போட்ட உறை அது. சிரித்தால் மின்னும்.

ஒருநாள் தோட்டத்துப் பள்ளி வாசலில், தோழிகள் முன்னால், அம்மா குனிந்து என் சடையைச் சரிசெய்தாள்.

"கிட்ட வராதம்மா, ஒன் வாய் பூசோக்கா நாறுது" என்றேன்.

தோழிகள் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதன்பின் வீட்டிலும் அப்படியே மூடிக்கொண்டுதான் பேசினாள்.

அடுத்த மாதம் அவள் தனியாக ஈப்போவுக்குப் போய் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். "தங்கம் தேஞ்சு ஓட்டையாயிருச்சாம். முன்னாடியே மாத்தியிருந்தா பல்லு பொழச்சிருக்குமாம்" என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு என் முன்னால் உட்கார்ந்து, முந்தானையை விலக்கி, வாயைத் திறந்தாள். பல் இருந்த குழியில் இன்னும் இரத்தம் கசிந்தது.

"இப்ப வாட அடிக்குதான்னு பாரு பாப்பா."

நான் முகர்ந்து பார்க்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டே "இல்லம்மா" என்றேன்.