பேதுரு பாடமாக்கிய திகதிகள்

கங்காரு நாட்டில், செவன் ஹில்ஸில் இருக்கும் ஒரு குளிர்க் களஞ்சியத்தில், மதியம் பன்னிரண்டரைக்கு இரண்டாம் உலகப் போர் தொடங்கும். சரியாக ஒரு மணிக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் சாப்பாட்டு நேரம் இல்லை.

பேதுரு தக்காளி சோஸ் பொட்டலங்களை மேசையில் வரிசையாக அடுக்குவார். அவை சோவியத் படைகள். உப்புப் பொட்டலங்கள் ஜெர்மன் படைகள். நீளமான பிளாஸ்டிக் கரண்டி ஒன்று வோல்கா நதி. உள்ளே மைனஸ் பதினெட்டு பாகை உறைகுளிரில் காலை முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்தவர், தடித்த ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். அந்தக் கோலத்தில் பார்த்தால் அவரே போர்முனையிலிருந்து எழுந்து வந்தவர் போல இருப்பார்.

"என்ன அண்ணே, இன்னிக்கு யாரு ஜெயிக்கிறா?" மகாதேவன் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்பார். அவர் திருச்சிக்காரர். களஞ்சியத்தின் கணினியில் எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை.

"பொறும் தம்பி. இப்ப நவம்பர் பத்தொன்பது, விடியக்காலமை. ஒரே பனிமூட்டம். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது."

"சமோசாவுக்கு சோஸ் வேணும். ஒரு டிவிஷன் தர்றீங்களா?"

"தந்தா போர் மாறிப்போயிடும். அங்கால போத்திலில கிடக்கு, எடும்."

மிட்வே எந்தத் திகதி? ஜூன் நான்கு. எல் அலமெய்ன்? அக்டோபர் இருபத்திமூன்று. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டது? ஏப்ரல் ஐந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, உயிர்த்த ஞாயிறு. கேட்டு முடிப்பதற்குள் பதில் வரும். மன்னாரில் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவர் அவர். எல்லாம் இங்கே வந்த பிறகு, கைப்பேசியில் பார்த்தும் கேட்டும் சேர்த்தது.

ஏன் திகதிகள்? மகாதேவன் ஒருநாள் கேட்டுவிட்டார். பேதுரு கையிலிருந்த உப்புப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"நான் என்ர திகதியைப் பிழைவிட்டனான் தம்பி. ஒண்டே ஒண்டுதான். அதுக்குப் பிறகு மற்றவையின்ர திகதி எல்லாத்தையும் பாடமாக்கினன்."

அந்த ஒன்று இதுதான். பேதுருவின் ஊர்ப் பக்கம் வருடத்தைக் கலண்டரால் அளப்பதில்லை, மடு மாதா கோயில் திருவிழாவால் அளப்பார்கள். படகு வாங்கியது திருவிழாவுக்கு முதல். மழை தொடங்கியது திருவிழாவுக்குப் பிறகு. ஆனால் மடுவில் பெரிய திருவிழா இரண்டு: ஜூலை இரண்டில் ஒன்று, ஆகஸ்ட் பதினைந்தில் ஒன்று. 2012இல் அகதியாகப் படகில் வந்து சேர்ந்த பேதுருவிடம் குடிவரவு அதிகாரி கேட்டார்: உன்னைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்தது எப்போது? திருவிழா முடிந்த நாலாம் நாள் என்றார் பேதுரு. அது போதாது, திகதி வேண்டும் என்றார்கள். பதினெட்டு நாள் கடலில் கிடந்த மூளை அது! அந்த வருடம் மனைவி பேர்ளோடும் கைக்குழந்தையோடும் நேர்த்திக்கடனுக்கு நடந்துபோன ஆகஸ்ட் திருவிழாதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆகஸ்ட் பத்தொன்பது என்றார். வருடங்கள் கழித்து வக்கீலோடு உட்கார்ந்து வாக்குமூலம் எழுதியபோது, ஆட்கள் வந்த அன்று வெளியில் மீன் காய்ந்துகொண்டிருந்தது, குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அது ஜூலைக் கடைசியில்தான் என்பதெல்லாம் ஞாபகம் வந்தது. அப்படியென்றால் அது ஜூலை. ஜூலை ஆறு. உண்மையைத்தான் திருத்தினார். ஆனால் தாளில் ஒரு சம்பவத்துக்கு இரண்டு திகதிகள், நடுவில் ஆறு கிழமை. இவர் சொல்வதை நம்ப முடியாது என்று தீர்ப்பு வந்தது.

அதன் பிறகு ஆறு மாதம் ஆறு மாதமாக நீட்டிக்கிற தற்காலிக விசா. வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டை விட்டு வெளியே போகலாம், திரும்பி வர முடியாது. மகாதேவன் ஒவ்வொரு டிசம்பரும் திருச்சி போய் முறுக்கோடு வருவார். பேதுரு முறுக்கைத் தின்றுகொண்டே, "பிளேனில ஜன்னல் பக்கமே இருந்தனீர்?" என்று மட்டும் கேட்பார்.

பதின்மூன்று வருடத்துக்கும் மேலாக எல்லோரும் அவருக்குச் சொன்னது ஒரே சொல்: பொறுங்கோ. வக்கீல் சொன்னார். கோயிலில் சொன்னார்கள். தேர்தலுக்குப் பிறகு மாறும் என்றார்கள். தேர்தல்கள் வந்து போயின. லொக்கரில், குளிர்க் கையுறைகளுக்குக் கீழே, தானாக விரும்பித் திரும்பிப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கிற படிவம் ஒன்று இரண்டு வருடமாகக் கிடந்தது. அவர் பெயர்கூட எழுதவில்லை.

இந்தத் தவக்காலத்தின் இரண்டாவது சனிக்கிழமை பேர்ள் வீடியோவில் வந்தா. குசினிக் கதிரையில் உட்கார்ந்திருந்தா. அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பேதுருவுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"இஞ்சேருங்கோ, நான் சண்டை பிடிக்க எடுக்கேல்ல. ஈஸ்டருக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கோ. வாறியளோ, இல்லையோ."

"இல்லையெண்டா என்ன செய்யப்போறாய்?"

"ஒண்டும் செய்யமாட்டன். ஆரும் கேட்டா, 'அவர் வருவார்' எண்டு சொல்லுறதை நிப்பாட்டப்போறன். அவ்வளவுதான். சொல்லிச் சொல்லி வாய் நோகுது."

"இஞ்ச ஏதாவது மாறும் எண்டு வக்கீல்..."

"டில்ஷாவுக்குப் பதினாலு ஆகப்போகுது. நீங்கள் தூக்கினது அவவுக்கு ஞாபகமில்லை. உங்களைப் போனுக்குள்ள இருக்கிற ஆள் எண்டு நினைச்சு வளந்த பிள்ளை."

பேதுரு கலண்டரைப் பார்த்தார். ஈஸ்டர் இந்த வருடம் ஏப்ரல் ஐந்து. கொழும்பில் குண்டு விழுந்த அதே திகதி. அவருக்குத் தெரியாத திகதியா!

அடுத்த ஞாயிறு மத்தியானம், குவேக்கர்ஸ் ஹில்லில் தமிழ் வாசகர் கூட்டம். மாதத்துக்கு ஒருவர் தனக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசுவார். மகாதேவன்தான் பிடிவாதமாகப் பேதுருவின் பெயரைக் கொடுத்திருந்தார்: "போரின் திருப்புமுனைகள்." பேதுரு வந்த கோலம்: வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு, கையில் ஒரு பை நிறைய சோஸ் பொட்டலங்கள். காரில் ஏறியதும் மகாதேவன் சிரித்துவிட்டார்.

"அண்ணே, அங்க ப்ரொஜெக்டர் இருக்கு."

"அதில படைகளை நகத்த ஏலாது."

இருபத்தைந்து பேர் இருந்தார்கள். முதல் ஐந்து நிமிடம் தாளைப் பார்த்தே வாசித்தார். பிறகு கரண்டியை மேசையில் வைத்தார். வோல்கா வந்துவிட்டது! தாளை மடித்துவிட்டார். ஸ்டாலின்கிராடைச் சுற்றி இரண்டு பக்கமிருந்தும் சோஸ் பொட்டலங்கள் நகர்ந்தன. நவம்பர் இருபத்திமூன்று, வளையம் மூடியது. உள்ளே, ஜெர்மன் பக்கத்தில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள்.

"மேலிடம் சொன்னது: அசையாதையுங்கோ, நில்லுங்கோ. சாப்பாடு விமானத்தில வரும் எண்டு. ஒரு நாளைக்கு முந்நூறு தொன்னாவது வேணும். வந்தது நூறு. குதிரையளைச் சாப்பிட்டாங்கள். டிசம்பர் பன்னிரண்டு, வெளியில இருந்து காப்பாத்த ஒரு படை வெளிக்கிட்டது. பத்தொன்பதாம் திகதி நாப்பத்தெட்டு கிலோமீற்றர் தூரத்துக்கு வந்திட்டுது. இஞ்சயிருந்து பென்ரித்துக்குக் காரில போய்த் திரும்பி வாற தூரம், அவ்வளவுதான்! ராவில வெளிச்சம் தெரிஞ்சிருக்கும். அங்காலயிருந்து அவங்களால வர ஏலேல்ல. இங்காலயிருந்து இவங்கள் போகேல்ல. பெப்ரவரி ரெண்டு, எல்லாம் முடிஞ்சுது."

இரண்டாம் வரிசையில் இருந்த மிருணாளினி கையை உயர்த்தினார். மருத்துவமனையில் தாதியாக இருப்பவர், கேள்வியைச் சுற்றி வளைக்காதவர்.

"சார், அவங்க எந்தத் தேதி வரைக்கும் வெளிய வந்திருக்க முடியும்? கரெக்ட்டா எது கடைசி நாள்?"

பேதுருவுக்குப் பதில் தெரியும். நூறு தடவை சாப்பாட்டு மேசையில் சொன்ன பதில். இன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"ஆரம்பத்திலேயே வந்திருக்கலாம்," என்றார் மெதுவாக. "முதல் கிழமையில பெலன் இருந்தது, எண்ணெய் இருந்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சது. ஆனா பாருங்கோ, இதுதான் கடைசி நாள் எண்டு உள்ளுக்க இருக்கிறவனுக்கு ஒருத்தரும் வந்து சொல்லுறேல்ல. திருப்புமுனை எண்டு பேர் வைக்கிறது நாங்கள், பிறகு. அண்டைக்கு அவனுக்கு அது இன்னொரு நாள். நாளைக்கு உதவி வரும் எண்டு நினைச்சுக்கொண்டு படுத்திருப்பான்."

"வெளிய வந்திருந்தா எல்லாரும் பிழைச்சிருப்பாங்களா?"

"இல்லை அம்மா. அரைவாசிப் பேர் வழியில செத்திருப்பினம். அதுக்குப் பயந்துதான் இருந்தவை. இருந்தும் செத்தவை."

அவர் கரண்டிப் பக்கம் கையைக் கொண்டுபோனார். நடுவில் குவிந்திருந்த உப்புப் பொட்டலங்களைப் பார்த்தபடி நின்றார். கூட்டம் கைதட்டியது அவருக்குக் கேட்டதா என்பதே சந்தேகம்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் வெயில் சுட்டது. மணி நாலரை, மன்னாரில் காலை பதினொன்று, பூசை முடிந்திருக்கும். பேதுரு கைப்பேசியை எடுத்தார். மகாதேவன் கார் டயரை ரொம்பக் கவனமாகச் சோதிக்கத் தொடங்கினார்.

"என்ன இந்த நேரத்தில? கூட்டம் முடிஞ்சுதோ?" பேர்ளுக்குப் பின்னால் கோழிகள் கத்தின.

"ஓம். பேர்ள், நான் வாறன்."

பேர்ள் கோழிகளைச் சூ என்று விரட்டினா.

"ஈஸ்டருக்கு இன்னும் நாலு கிழமை கிடக்கு," என்றா பேர்ள். "அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டுப் பிறகு..."

"நாளைக்குப் படிவம் குடுக்கப்போறன். கட்டுநாயக்கா எயார்போட்டிலயே பிடிச்சு விசாரிப்பாங்கள். கேஸ் போடுவாங்கள். இன்னும் என்ன செய்வாங்கள் எண்டு எனக்குத் தெரியாது. திரும்ப இஞ்ச வர ஏலாது, அது தெரியும். இஞ்ச இருந்தா என்ன நடக்கும் எண்டதும் தெரியும்."

"எப்ப வாறியள்?"

"மடுத் திருவிழாவுக்கு."

சொன்ன பிறகுதான் பழைய பிழை அவருக்கே உறைத்தது. பேர்ள் விடவில்லை.

"எந்தத் திருவிழா? உங்கட திருவிழாக் கணக்காலதான் நான் இவ்வளவு காலமும் தனிய இருக்கிறன். திகதியைச் சொல்லுங்கோ!"

மிட்வே, எல் அலமெய்ன், ஸ்டாலின்கிராட், கொழும்பு. உலகத்தின் திகதிகள் எல்லாம் அந்த மனிதனின் தலையில் நிறைந்திருந்தன. அவருக்கென்று ஒன்றுதான் இல்லாமல் இருந்தது.

"ஜூலை ரெண்டு."

யாரோ கதிரையை இழுக்கும் சத்தம். பிறகு இன்னொரு குரல், மெல்லிசாக, கொஞ்சம் வெட்கத்தோடு. டில்ஷா. இவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறா.

"அது வியாழக்கிழமை அப்பா. கலண்டரில இருக்கு. எழுதட்டோ?"

பேதுரு காரின் சூடான கதவில் கையை ஊன்றிக்கொண்டார்.

"பென்சிலால வேண்டாம்," என்றார். "பேனையால எழுதம்மா."