மிஸ்கியின் வாசற்கதவு

ஆப்பிரிக்கக் கடலோரத்து லாமு ஊரின் மொட்டை மாடிகள் எல்லாம் மிஸ்கிக்கு அத்துப்படி. எந்த மாடியில் கருவாடு காயும், எந்த மாடியில் மல்லிகைத் தொட்டி இருக்கும், எந்த வீட்டுக் கிழவர் மதியத் தூக்கத்துக்கு முன் எப்படி இருமுவார் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். தெரு மட்டும் அவளுக்குத் தெரியாது.

பெரிய வீட்டுப் பெண்கள் பகலில் தெருவில் இறங்குவதில்லை என்பது அந்த ஊர் வழக்கம். அதற்காக ஒரே அறையில் அடைந்து கிடந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சந்துகளுக்கு மேலே, வீட்டையும் வீட்டையும் இணைத்துச் சின்னச் சின்ன மேல்பாலங்கள் கட்டி வைத்திருந்தார்கள். கீழே ஆண்களும் கழுதைகளும் இடித்துக்கொண்டு போக, மேலே பெண்கள் வெறுங்காலோடு வீடு வீடாக நடந்தார்கள். பெண் பார்ப்பதும் பிரசவம் பார்ப்பதும் சண்டையும் சமாதானமும் மேலேயே முடிந்தன. மிஸ்கி கல்யாணப் பெண்ணாக அத்மான் வீட்டுக்கு வந்ததுகூட மேல்பாலம் வழியாகத்தான்.

மதியத்தில் ஊரே கண்ணயரும்போது அவள் கஞ்சிக் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு கிளம்புவாள். சுண்ணாம்புச் சுவர்களில் வெயில் பால்போல வழியும். கடற்காற்று எங்கிருந்தோ கிராம்பு வாசனையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும். பாதித் தூக்கத்தில் நடப்பவளைப் போல ஒரு பாலம், ஒரு மாடி, இன்னொரு பாலம், இன்னொரு மாடி என்று தாண்டிப் போனால் அக்கா ரெஹெமாவின் அறை. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்ட ரெஹெமா தங்கை கையால் ஊட்டினால்தான் விழுங்குவாள். மருமகள் ஆஸ்யா நல்ல பெண்தான், ஆனால் அவள் கரண்டியைக் கண்டால் ரெஹெமா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நடுவில் இருந்த வீட்டுக்காரர்கள் மொம்பாசாவுக்குக் குடிபோனார்கள். வீட்டை ஒரு வெள்ளைக்காரர் வாங்கினார். நல்ல மனிதர், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். ஆனால் தன் படுக்கையறையை ஒட்டி யார் யாரோ பெண்கள் போய் வருவது அவருக்கு விளங்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் பாலத்து வாயை அடைக்கச் சொல்லிவிட்டார். ஒரு மதியம் மிஸ்கி கிண்ணத்தோடு போனபோது வழி இருந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்புச் சுவர் நின்றது. தொட்டுப் பார்த்தாள், விரல் பதிந்தது. ஆறிப்போன கஞ்சியோடு திரும்பி வந்தாள்.

"இதுக்கா அழுவுற? ராத்தொழுகை முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான் அத்மான். மரக்கலம் ஓட்டும் நகுதா அவன். பேச்சு அதட்டலாக இருந்தாலும் பிரியமான ஆள்.

"அவளுக்கு மத்தியானம்ல பசிக்கும்?"

"பகல்ல தெருவுலயா? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்?"

"ஏதாவது."

இந்த 'ஏதாவது' எப்படி இருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. அத்மான் மட்டும் ஒருமுறை பார்த்திருந்தான். அவன் தங்கை சௌமு கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயத்தில், அண்ணனை வழியனுப்ப ஆசைப்பட்டுத் தனியாகப் படகுத்துறைக்கு ஓடி வந்தாள். ஒருவரும் அவளைத் தொடவில்லை. ஆனால் அவன் கலம் திரும்பி வருவதற்குள் ஊர் பேசிப் பேசியே அந்தக் கல்யாணத்தை முறித்திருந்தது. தெருவில் புலியா இருந்தது? வாய்தான் இருந்தது. ஊர் வாயை அடைக்க முடியாதவன் வீட்டுப் பெண்களை அடைத்தான். எனக்கு அவன்மேல் கோபமும் உண்டு, பரிதாபமும் உண்டு.

ராத்திரியில் சிலநாள் அவன் கூட்டிப் போனான். மூடிய தலை குனிந்து, முன்னால் போகும் அவன் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு அவள் நடந்தாள். பிறகு பருவக்காற்று திரும்பியது. உப்பங்கழியில் வெட்டிய கண்டல் மரக் கம்புகளை ஏற்றிக்கொண்டு அவன் வடக்கே புறப்பட்டான்.

"நான் வர்ற வரைக்கும் தெருவுல கால் வைக்காத. நீ கீழ நிக்கிறேன்னு நெனச்சா எனக்குச் சுக்கான் பிடிக்கக் கை ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு ஒருநாள் காலையில், வெள்ளைக்காரர் வீட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்யா மாடியேறிக் கத்தினாள். "சித்தி! ரெண்டு நாளா ஒரு வாய் இறங்கல. தண்ணிகூடத் துப்புறாங்க. நீங்க வரலேன்னா போயிருவாங்க போல இருக்கு!"

மிஸ்கி கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தாள். கஞ்சியைச் சுடவைத்தாள், தேங்காய்ப்பால் ஊற்றினாள். கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, இத்தனை வருஷமாக இறங்காத வேளையில் படியிறங்கினாள்.

தெரு ஒரு கனவுபோலக் கிடந்தது. ஆழமாக, குளிர்ச்சியாக, கிணற்றுக்குள் நிற்பது மாதிரி. எங்கே பார்த்தாலும் சுவர், எங்கே பார்த்தாலும் செதுக்கிய கதவு. எந்தக் கதவுக்கு மேலே எந்த மாடி? அவளுக்குப் புரியவில்லை. அண்ணாந்து பார்த்தாள். கீற்றுக் கீற்றாக வானம் தெரிந்தது. ஏதோ ஒரு பாலத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. இவ்வளவு நாள் தான் மிதித்து நடந்ததற்கு இப்படி ஓர் அடிவயிறு இருக்கிறதா என்று வியந்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா, மழை வருமான்னு பாக்குறீங்களா? கழுதைக்கு வழி விடுங்க!" என்று ஒரு குரல் கேட்டது. கோம்போ, வீடு கட்டும் பவளப்பாறைக் கல்லைக் கழுதையில் ஏற்றிப் போகிறவன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

இதுதான் என்று தோன்றிய கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து வந்தது, மாடியில் அவள் கேட்டுப் பழகிய அந்த இருமல். கதவைத் திறந்த கிழவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு வீட்டுப் பொம்பள நீ? தொணைக்கு ஆள் இல்லாம?"

"பக்கரி மாமா, உங்க மாடியில காயுற கருவாட்டத் தாண்டித்தான் தெனமும் போவேன். ரெஹெமா அக்கா வீட்டுக் கதவுன்னு நெனச்சுத் தட்டிட்டேன்."

கிழவருக்கு இருமல் நின்றுவிட்டது. "தெனமும் போற வீட்டுக் கதவு தெரியாதா உனக்கு?"

"மேலேருந்துதான் தெரியும்."

"அல்லாவே! சரி, வீட்டுக்குப் போ. உன் புருஷன் வந்ததும் கூட்டிட்டு வரச் சொல்லு."

"அதுவரைக்கும் அக்கா இருக்க மாட்டா மாமா."

அவர் வாசற்படியிலிருந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கைத்தடியால் அடுத்த சந்தைக் காட்டினார். "மீனும் பூவும் செதுக்கின கதவு. போ, போ. இங்க வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

ரெஹெமா கண்ணை மூடிக் கிடந்தாள். தங்கையின் விரல் உதட்டில் பட்டதும் வாய் திறந்தது. ஒரு வாய், இன்னொரு வாய், பாதிக் கிண்ணம் காலியாயிற்று. ஆஸ்யா கதவோரம் நின்று அழுதாள். ரெஹெமாவின் குழறிய பேச்சு மிஸ்கிக்கு மட்டும்தான் புரியும்.

"செவுரு கட்டிட்டாங்களே. எப்படி வந்த?"

"தெருவுல."

"யார் கூட்டிட்டு வந்தா?"

"யாருமில்லக்கா. என் காலுதான்."

அசையும் பாதி வாயால் ரெஹெமா சிரித்தாள்.

"மிஸ்கி, எங்க வாசக்கதவு எப்படி இருக்கு? நான் நல்லாப் பாத்ததே இல்ல."

மிஸ்கி சொன்னாள். மீன்கள் வரிசையாக மேலே ஏறுவதை, நடுவில் தாமரை மாதிரி ஒரு பூ விரிந்திருப்பதை, பித்தளைக் குமிழ்களில் வெயில் நிற்பதை. இல்லாத ஒன்றிரண்டு மீன்களையும் சேர்த்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டே ரெஹெமா தூங்கிப்போனாள்.

திரும்பும்போதுதான் கூத்து. தன் வீட்டுக் கதவு எது என்று மிஸ்கிக்குத் தெரியவில்லை. சந்தில் முன்னும் பின்னும் நடந்தாள். காலையில் அவள் வாசலிறங்கியதைப் பார்த்திருந்த கோம்போ வெற்றுக் கழுதையோடு வந்து சிரித்தான். "நகுதா அத்மான் வீடுதானே? முன்னாலயே நிக்கிறீங்களேம்மா!"

பிள்ளை பெற்று வளர்த்து, அடுப்பு ஊதி, முடி நரைத்த வீடு. அதன் முகத்தை அவள் அன்றுதான் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது. வீட்டில் சுற்றிக்கொள்ளும் பழைய சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்துக் கதவு வளையத்தில் கட்டினாள். மறுநாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள்.

அத்மான் கரையேறியபோது துறையிலேயே நாலு பேர் காதைக் கடித்துவிட்டார்கள். முகம் கறுக்க வந்தவன் வாசலில் நின்றான்.

"எதுக்கு இந்தத் துணி?"

"நம்ம வீடு எதுன்னு தெரியறதுக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உன் வீடு உனக்குத் தெரியாதா?"

"வெளியிலேருந்து தெரியாது."

அவன் தோள்மூட்டையைப் படியில் இறக்கி வைத்தான். பிறகு மெல்லக் கேட்டான், "உனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆச்சே. பொறந்த ஊர்லயே வழி தெரியாம நின்னேன். இதவிட என்ன ஆகணும்?"

ரெஹெமாவுக்குப் பசிக்கும் நேரம். மிஸ்கி கிண்ணத்தை மூடிக்கொண்டு அவனைத் தாண்டி இறங்கினாள். அவன் கதவு வளையத்துத் துணியைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றான்.

அவள் திரும்பி வந்தபோது துணி அங்கேயே இருந்தது. அவள் போட்டிருந்த முடிச்சுதான் இல்லை. காற்றில் அவிழாதபடி பாய்மரக்காரர்கள் போடும் முடிச்சு இருந்தது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.