ரவுட்டர் மேல் போட்ட பழி

என் லேப்டாப்பில் லினக்ஸ் போட வேண்டிய அவசியம் எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். விருதுநகருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் வகுப்பில், யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் மாதிரியான கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் கம்ப்யூட்டர் நம் சொல்லைக் கேட்க வேண்டாமா, எவனோ பூட்டிக் கொடுத்த பெட்டிக்குள் நாம் ஏன் வேலை பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் அதிகமாகவே முழங்கிவிட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அப்ப உங்க லேப்டாப்புல லினக்ஸ்தான் இருக்கா மேடம்?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

வந்த ஞாயிற்றுக்கிழமையே விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. திரை வந்தது, சத்தம் வந்தது, தமிழ் எழுத்துகூட உடையாமல் வந்தது. வயர்லெஸ் மட்டும் வரவில்லை. லேப்டாப்பின் முன்பக்கத்தில் நீலமாக எரிய வேண்டிய குட்டி விளக்கு, ஆரஞ்சு நிறத்தில் அசையாமல் நின்றது.

நாங்கள் குடியிருந்தது மாடியில். கீழே வீட்டுக்காரர், பஜாரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த பாய். அன்றாட விலை பார்ப்பதற்காக அவர் பிராட்பேண்ட் வாங்கியபோது ஒரு ரவுட்டரும் சேர்த்து வாங்கியிருந்தார். "மாடிக்கும் எட்டும்னு சொல்றாக. நீங்களும் வச்சுக்கோங்க டீச்சர்" என்று பாஸ்வேர்டை மண்டிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய கம்ப்யூட்டர் ஒயரில்தான் ஓடியது. ஆக, அந்த ரவுட்டர் காற்றில் அனுப்பியதை வாங்கிக்கொள்ள இருந்த ஒரே ஜீவன் என் லேப்டாப்தான்.

தினமும் காலையில் நான் படியிறங்கும்போது, வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பதைப் போல, நெட் வருகிறதா என்று பாய் கேட்பார். திங்கட்கிழமையும் கேட்டார்.

"நேத்துலருந்து வரல பாய்."

"போன வாரமெல்லாம் நல்லா வந்துச்சே. ரவுட்டர்ல ஏதும் கோளாறு இருக்குமோ?"

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். "இருக்கலாம் பாய்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல் நடந்தேன்.

என் கணவர் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் காலண்டர் டிசைன் செய்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் சிரித்தார்.

"நீ விண்டோஸ அழிச்சத சொல்ல வேண்டியதான? அந்த ரவுட்டர் பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

"சொன்னா, லினக்ஸு சரியில்லன்னு ஆயிரும்லங்க."

"பாய் வந்து லினக்ஸப் பத்திக் கேட்டாரா?"

கேட்கவில்லைதான். ஆனால் ஒரு வாரமாக வீட்டிலும் கல்லூரியிலும் அதன் புகழைப் பாடியது நான். லினக்ஸின் மானம் என் கையில் இருப்பதாக ஒரு நினைப்பு.

லேப்டாப்பில் ஒரு கட்டளை கொடுத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் வயர்லெஸ் கார்டை லினக்ஸ் அடையாளம் கண்டுகொண்டது. யார் செய்த சிப், என்ன மாடல் எல்லாம் சொன்னது. அதை ஓட்டுவதற்கான டிரைவரை மட்டும் சிப் செய்தவர்கள் லினக்ஸுக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேடினேன். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றேதான்: இணையத்தில் இணைந்துகொண்டு கீழ்க்கண்டதை இறக்கிக்கொள்ளவும்.

இறக்கியதைப் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்தால், அது இன்னொரு ஃபைல் வேண்டும் என்றது. மறுநாள் அதைக் கொண்டுவந்தால், அதற்கு வேறொன்று வேண்டியிருந்தது. நாலாவது நாள் சென்டர்காரர், "வீட்டுலயே நெட்டு இருக்குன்னீகளே மேடம்?" என்றார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போய் பாயின் ஒயரைச் சொருகியிருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் பாய் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒயரில் வருவது காற்றில் ஏன் வரவில்லை என்று கேட்பாரே.

அதற்குள் பாய் அவர் பங்குக்கு வைத்தியத்தைத் தொடங்கியிருந்தார். வத்தல் தூசி படாமலிருக்க ரவுட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். முதலில் அதைக் கழற்றினார். பிறகு பீரோவின் உச்சியில் வைத்தார். பிறகு மாடிப்படி ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டினார். ஒவ்வொரு தடவையும் கீழேயிருந்து குரல் வரும்.

"டீச்சர், இப்ப?"

"இல்ல பாய்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு அதை வாங்கிய மதுரைக் கடைக்கே பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் புது ரவுட்டரோடு வந்து நின்றார். முகத்தில் அப்படியொரு வெற்றி.

"கடைக்காரப் பய, பெட்டி நல்லாத்தான் இருக்குன்னு சாதிக்கான் டீச்சர். நான் விடுவனா? எங்க வீட்டு டீச்சர் கம்ப்யூட்டரு படிச்சவுக, அவுகளவிட உனக்குத் தெரியுமாலேன்னு ஒரு பிடி பிடிச்சேன். மறுபேச்சில்லாம மாத்திக் குடுத்துட்டான்."

புது ரவுட்டரும் என் லேப்டாப்போடு பேசவில்லை என்று சொல்லவே வேண்டாம். அடுத்து எந்தக் கடைக்காரர் திட்டு வாங்கப் போகிறாரோ என்று பயமாக இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. விண்டோஸுக்காக எழுதிய டிரைவரையே எடுத்து, லினக்ஸுக்குள் போர்த்தி ஓட்டுகிற ஒரு மென்பொருள் உண்டு. அதற்கு லேப்டாப்போடு வந்த சிடி வேண்டும். இனி இது எதற்கு என்று நான் தூக்கிப் போட்ட சிடியை, மொட்டைமாடியில் வடகம் காய்ந்தபோது காக்கா வராமலிருக்க என் கணவர் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் மேலே போய் அதை அவிழ்த்தேன். ஒரு வாரம் காற்றில் ஆடிக் கீறல் விழுந்திருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்து உள்ளே தள்ளினேன். மூன்று தடவை துப்பிவிட்டு நாலாவது தடவை படித்தது. எவனோ பூட்டிக் கொடுத்த பெட்டியை உதறிவிட்டு வந்தவள், அந்தப் பெட்டியிலிருந்தே இரண்டு ஃபைல்களைக் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். கட்டளையைக் கொடுத்ததும் குட்டி விளக்கு நீலமானது.

கைதட்டத் தோன்றியது. அக்கம்பக்கத்தில் கிடைக்கும் வயர்லெஸ் எல்லாவற்றையும் காட்டும் பட்டியலைத் திறந்தேன். காலியாக இருந்தது. மறுபடி திறந்தேன். அப்போதும் காலி. அந்த நேரம் பார்த்து மாடிப்படிப் பக்கம் டிரில் மெஷின் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், மாடிப்படியில் ஏணி போட்டு ஒரு எலக்ட்ரீசியன் ஜன்னல் சட்டத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கீழே பாய் ஒரு சுருள் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் காத்துல வர்ற சமாச்சாரமே வேண்டாம் டீச்சர். அத அமத்திப் போட்டாச்சு. உங்களுக்கு ஒயரே இழுத்துத் தாரேன்."

பட்டியல் ஏன் காலியாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பெட்டியில் குறையில்லை, புதுப் பெட்டியிலும் குறையில்லை, ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியம்தான் எல்லாம் என்றேன். பாய் ஒயரைக் கீழே வைத்தார்.

"அப்ப மதுரக்காரன் சொன்னது நெசந்தானா?"

"ஆமா பாய்."

"அம்புட்டுப் பேரு முன்னால திட்டிட்டு வந்துட்டேனே."

என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து பில்லை எடுத்து, அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார். "தம்பி, நேத்து வந்த விருதுநகர் பாய் பேசுறேன். உங்க பெட்டி நல்ல பெட்டிதான். நாந்தான் தப்பாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீக" என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "நீங்களும் ஒரு வார்த்த சொல்லிருங்க."

லினக்ஸ் போட்டதிலிருந்து சற்றுமுன் நீல விளக்கு எரிந்ததுவரை சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் கடைக்காரர் பெருந்தன்மையாக, "பரவால்லங்க மேடம்" என்றார். ஒரு கணம் கழித்து, "லினக்ஸுலயா வர வச்சீங்க? இங்க ஒரு கஸ்டமர் அதத்தான் கேட்டு ரெண்டு நாளா நடந்துக்கிட்டு இருக்காரு. கொஞ்சம் சொல்றீங்களா?" என்றார்.

பாயின் போனில் பாயின் செலவில் ஒவ்வொரு கட்டளையாக எழுத்துக்கூட்டிச் சொன்னேன். பாய் ஒன்றும் புரியாமலே தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏணியில் நின்ற எலக்ட்ரீசியன் பொறுமையிழந்து, "இந்த ஓட்டைய அடைக்கவா, ஒயர விடவா?" என்றார்.

"போட்டது போட்டாச்சு, விடுப்பா" என்றார் பாய்.

ஒயரில் நெட் நல்ல வேகமாக வந்தது. அந்த வீட்டைக் காலி செய்யும்வரை அதைத்தான் சொருகிக்கொண்டிருந்தேன்.