தோட்டத்து முனையில் ஒரு இக்லான்

டிவியில் படத்துக்கு நடுவே வருவதை மலாய்க்காரர்களைப் போல நாங்களும் 'இக்லான்' என்போம். பள்ளிக்கூடத்தில் மட்டும் அது விளம்பரம். ஒருநாள் மெர்லிமாவ் பக்கமிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து முனையில் பெரிய பலகை ஒன்று நின்றது. அதில் மாடி வீடுகள், கார்கள், பின்னால் எங்கள் குன்று.

"வெறும் இக்லான்தான்லா அக்கா, பயப்படாதீங்க," என்றார் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, அம்மாவிடம்.

மூன்றே மாதத்தில், தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று அம்மா கத்தினார்.

"அதான் அவ்ளோ பெருசா நோட்டீஸ் வெச்சிருந்தோமே!" என்றார் அதே கிராணி, கூச்சமே இல்லாமல்.

வீடு வாங்க வருகிறவனுக்கு விளம்பரம், துரத்தப்படுகிறவனுக்கு நோட்டீஸாம்! நாங்கள் குடியிருக்கும்போதே, அந்தப் பலகையில் எங்கள் லயம் இருந்த இடத்தில் புல்தரை வரைந்திருந்தார்கள்.